டிரைவ் ஷாஃப்ட் வேலை: எந்த நட்டை மீண்டும் போடலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி மாட்டும் வேலை என்றால் எல்லோருடைய கவனமும் ஷாஃப்ட் மீதே இருக்கும். ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறதா, திருப்பத்தில் ஜாயிண்ட் சத்தம் போடுகிறதா, முழு ஷாஃப்டையும் மாற்ற வேண்டுமா என்றுதான் பேச்சு ஓடும். கழற்றிய நட்டும் போல்ட்டும் ஒரு தட்டில் குவிந்து கிடக்கும். வேலை முடியும்போது அதே குவியலிலிருந்து எடுத்து அதே இடத்தில் போட்டு இறுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆனால், அது சக்கரத்திலோ ஸ்டீயரிங்கிலோதான் ஆகும். அதனால்தான் இந்தக் குவியலைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

'பழைய நட்டையே போடலாமா?' என்று கேட்டால், பலரும் அதைத் திருப்பிப் பார்த்து, துருவும் மரைச் சேதமும் இல்லையென்றால் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதி சோதனைதான். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த நட் தானாகக் கழன்றுவிடாமல் இதுவரை எது பிடித்து வைத்திருந்தது? வெறும் இறுக்கம்தான் என்றால், போல்ட்டைச் சுத்தம் செய்து, சோதித்து, மீண்டும் போடலாம். தன்னில் ஏதோ ஒரு பகுதியை நசுக்கியோ, மடக்கியோ, நீட்டியோ, ஒட்டியோ அது பூட்டிக்கொண்டிருந்தது என்றால், கழற்றிய கணத்திலேயே அதன் வேலை முடிந்துவிட்டது. பளபளவென்று புதிதுபோல் இருந்தாலும் அது செலவாகிவிட்ட சாமான்.

இறுக்கத்தில் எவ்வளவு வேலைக்கு வருகிறது?

இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பரப்பு உராய்வதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளின் உராய்வில் கரைகிறது. மீதி 10 சதவீதம் அளவுதான் போல்ட்டை இழுத்து நீட்டி, இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்தால் பல விஷயங்கள் தானாகப் புரியும். மரையில் துரு ஏறியிருந்தால் உராய்வு கூடும். ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும்போது போதிய பிடிப்பு வந்திருக்காது. மாறாக, உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட அளவை எண்ணெய் பூசிய மரைக்குக் கொடுத்தால் போல்ட் தேவைக்கு மேல் நீண்டுவிடும். பழைய போல்ட்டை மீண்டும் போடும்போது வரும் ஆபத்து பெரும்பாலும் இரும்பு பலவீனமாவதால் வருவதில்லை; உராய்வு மாறிப்போவதால் வருகிறது.

அதிர்வில் நட் எப்படிக் கழல்கிறது என்பதை கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969ஆம் ஆண்டிலேயே சோதித்துக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அசைவைவிட, சேர்ந்திருக்கும் இரண்டு பாகங்களும் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுதான் நட்டைப் படிப்படியாகச் சுழற்றிக் கழற்றுகிறது. போதிய பிடிப்பு இருந்தால் வழுக்கலே நடக்காது, கழலவும் கழலாது. இந்த வகைச் சோதனையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிய உதவி எதையும் செய்வதில்லை. ஆகவே சந்தேகமான நட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷரைச் செருகிவிட்டு நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன்

உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில், டிரைவ் ஷாஃப்ட் பகுதியையும் முன் சஸ்பென்ஷன் பகுதியையும் படித்துவிடுங்கள். 'மீண்டும் பயன்படுத்தக் கூடாது' என்ற குறி எந்தெந்த நட்டுக்கு இருக்கிறது, எதற்கு எத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு), எதற்குக் கூடுதலாகக் கோண அளவு (அதன்பின் இன்னும் எத்தனை பாகை திருப்ப வேண்டும்) என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் வாங்க வேண்டிய பட்டியலும்.

பொதுவான முன்சக்கர இயக்கக் காரில் ஒரு பக்க ஷாஃப்டுக்கு ஒரு ஆக்ஸில் நட் (ஷாஃப்டின் முனையைச் சக்கரம் மாட்டும் ஹப்பில் பிடிப்பது), ஸ்பிளிட் பின்கள் (நட் சுழலாமல் துளையில் செருகி மடக்கும் கம்பிகள்), பால் ஜாயிண்ட் (சஸ்பென்ஷனின் குண்டு மூட்டு) நட் அல்லது போல்ட், டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்துடன் இணைக்கும் தண்டு) நட், ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) நட், உள்முனைச் சர்க்ளிப், கியர்பாக்ஸ் ஆயில் சீல், ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் ஆகியவை தேவைப்படும். பூட் மாற்றுவதென்றால் கிளாம்புகளும் சேரும். இவை கைக்கு வந்த பிறகு காரைத் தூக்குங்கள். கார் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு நட் இல்லை என்று தெரிந்தால், பழையதையே போட்டுவிடலாமே என்ற எண்ணம் வருவது மனித இயல்பு. அந்த நிலைக்கு இடம் கொடுக்காமலிருப்பது நல்லது.

கழற்றும்போது ஒவ்வொரு இடத்து நட், போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். ஒரே தடிமனுள்ள இரண்டு போல்ட்டுகள் ஐந்து மில்லிமீட்டர் நீளத்தில் வேறுபடுவது சாதாரணம்.

ஆக்ஸில் நட்

இந்த வேலையிலேயே மிக அதிக இறுக்கம் கேட்பது இந்த நட்தான். பல கார்களில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும். ஷாஃப்டை ஹப்பில் பிடித்து வைப்பது மட்டும் இதன் வேலை என்று நினைக்கக் கூடாது. பல வடிவமைப்புகளில் ஹப் பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் நெருக்கிப் பிடிப்பதும் இதுவே. இது தளர்ந்தால் பேரிங் முதலில் ஊளையிடும், பிறகு ஆட்டம் காணும்.

அதனால்தான் சக்கரம் தரையில் இருக்கும்போது நட்டை முழுவதுமாகக் கழற்றக் கூடாது. பிடி விடும் அளவுக்கு மட்டும் திருப்பிவிட்டு, காரைத் தூக்கியபின் மீதியைக் கழற்ற வேண்டும். நட்டுக்குப் பதில் போல்ட் வரும் சில ஐரோப்பிய கார்களில், சக்கரம் தரையில் இருக்கையில் 90 பாகைக்கு மேல் திருப்பாதீர்கள் என்றே கையேடு சொல்கிறது. ஷாஃப்டை வெளியே எடுத்துவிட்டு காரைச் சக்கரத்தில் உருட்டித் தள்ளுவதும் பேரிங்கைக் கெடுக்கும். தள்ளியே ஆக வேண்டுமென்றால், வெளி ஜாயிண்டை மட்டும் ஹப்பில் பொருத்தி நட்டை இறுக்கிவிட்டுத் தள்ளுங்கள்.

நட் எந்த வகை என்பதை வைத்தே முடிவு.

உளியால் அடித்துப் பூட்டும் வகையில், நட்டின் மேல் மெல்லிய கழுத்து ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். கழுத்தை அந்தப் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள். கழற்றும் முன் அந்த மடிப்பை மெல்லிய உளியால் நிமிர்த்தியாக வேண்டும். நிமிர்த்தாமல் பெரிய ரெஞ்சில் சுழற்றினால், மடங்கிய உலோகம் ஷாஃப்டின் மரையை உழுதுகொண்டே வெளியே வரும். ஒரு நட்டைக் காப்பாற்றப் போய் ஷாஃப்டையே இழப்பது இப்படித்தான். கழற்றிய நட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: மடங்கிய இடத்தில் கழுத்து மெலிந்து வெளுத்திருக்கும், ஓரத்தில் மெல்லிய விரிசல்கூடத் தெரியலாம். 'புதிதாக இறுக்கும்போது கழுத்தின் வேறொரு பக்கம்தானே பள்ளத்துக்கு நேரே வரும், அங்கே அடித்துக்கொள்ளலாமே' என்று சிலர் வாதிடுவார்கள். வந்தால் வரும், பழைய மடிப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றால் அங்கே அடிக்க உலோகம் இருக்காது. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி வேலை செய்வதைவிடப் புதிய நட் போடுவதே சரி. புதியதைப் பூட்ட முனை மழுங்கிய பஞ்ச் கருவியைப் பயன்படுத்துங்கள். கூர்மையான உளி கழுத்தைக் கிழித்துவிடும்.

கிரீடம் வைத்ததுபோல் மேலே பிளவுகள் கொண்ட காசில் நட்டில் பூட்டு வேலையைச் செய்வது ஸ்பிளிட் பின்தான். ஆகவே நட்டின் மரையும் அடிப்பரப்பும் நன்றாக இருந்து, கையேடும் அனுமதித்தால் நட்டை மீண்டும் போடலாம். பின் மட்டும் எப்போதும் புதிது. சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்கிய பிறகு துளையும் பிளவும் நேராக வரவில்லையென்றால் அடுத்த பிளவு வரும் வரை இன்னும் இறுக்க வேண்டும். பின் நுழைவதற்காக நட்டைத் தளர்த்தவே கூடாது. கூம்பு உருளை பேரிங் வைத்து, இடைவெளியை நட்டால் சரிசெய்யும் பழைய வகை ஹப்புகளில் மட்டும் முறை வேறு. அங்கே கையேடு சொல்வதே விதி.

நைலான் வளையம் வைத்த நட்டும், மேல்வாய் நசுக்கப்பட்ட முழு உலோக நட்டும் தம் உராய்வாலேயே நிற்பவை. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அந்த உராய்வு குறைகிறது. நைலான் வளையத்தின் உட்புறத்தில் மரை ஏற்கனவே ஆழமாகப் பதிந்து வழவழவென்று இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வளையத்தைத் தாண்டியும் விரலாலேயே சுழற்ற முடிகிறதென்றால் அது குப்பைக்குத்தான். ஆனால் விரலால் சுழற்ற முடியாதது எல்லாம் நல்ல நட் என்று திருப்பிச் சொல்ல முடியாது. ஆக்ஸில் போன்ற இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம், புதிதையே போடுங்கள்.

போல்ட் வகை பெரும்பாலும் கோண அளவுடன் இறுக்கப்படும். அப்படி இறுக்கும்போது பல போல்ட்டுகள் மீளாத அளவுக்கு நீள்கின்றன. மறுபடி போட்டால் மறுபடி நீளும், ஒரு நாள் அறுந்துவிடும். ஒரே காரில்கூட, அடிப்பரப்பில் வரிவரியாக இருக்கும் போல்ட்டுக்கும் வழவழப்பான போல்ட்டுக்கும் இறுக்க அளவு மிகவும் வேறுபடலாம். வாங்கிய போல்ட் எந்த வகை என்று பார்த்த பிறகே அளவைத் தேடுங்கள்.

அடித்து அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் ரெஞ்சால் கழற்றுவது இருக்கட்டும், இறுக்குவது கூடாது. அது எவ்வளவு கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

பால் ஜாயிண்ட், டை ராடு, ஸ்ட்ரட்

ஷாஃப்டை வெளியே இழுக்க ஹப்பை ஒதுக்க வேண்டும். அதற்காக இவற்றில் ஒன்றிரண்டைக் கழற்றுவோம். ஷாஃப்டுக்கு நேரடித் தொடர்பில்லாதவை என்பதால் இந்த நட்டுகளை யாரும் மதிப்பதில்லை. சக்கரத்தின் திசையும் சாய்வும் இவற்றில்தான் நிற்கின்றன.

லோயர் பால் ஜாயிண்டின் தண்டைக் குறுக்காகக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட், தண்டிலுள்ள பள்ளத்தின் வழியே போகிறது. தண்டு முழுவதும் உள்ளே அமர்ந்திருந்தால் போல்ட் கையாலேயே நுழையும். சுத்தியலால் அடித்துத்தான் உள்ளே போகிறதென்றால் தண்டு சரியாக அமரவில்லை என்று பொருள். அடித்தால் மரை சிதைந்துவிடும். இந்த போல்ட்டையும் நட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லும் நிறுவனங்கள் பல. மண்ணும் நீரும் தெறிக்கும் இடத்தில் இருப்பதால் நடுத்தண்டு துருப்பிடித்து மெலிந்திருக்கும். நட் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. வெளியே எடுத்துத் துடைத்தால்தான் தெரியும்.

டை ராடு முனையில் காசில் நட் என்றால் புதிய பின், நைலான் நட் என்றால் புதிய நட். ஸ்டெபிலைசர் லிங்க் நட்டும் அப்படியே.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை, ஹப்பைத் தாங்கும் நக்கிளுடன் சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளில், தலைக்குக் கீழே வரிவரியாகப் பல் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுழற்ற வேண்டும். தலையைச் சுழற்றினால் அந்தப் பற்கள் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கிவிடும். ஒன்றில் மையம் விலகிய வட்ட வாஷர் இருந்தால் அது சக்கரச் சாய்வைச் சரிசெய்யும் போல்ட். கழற்றும் முன் நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்முனை

கியர்பாக்ஸுக்குள் செருகும் வகையில், ஷாஃப்டின் முனையிலுள்ள காடியில் ஒரு சிறிய கம்பி வளையம் இருக்கும். அந்தச் சர்க்ளிப்தான் ஷாஃப்ட் பின்னுக்கு வராமல் தடுக்கிறது. நெம்பி இழுத்து வெளியே எடுக்கும்போது அது சுருங்கி, ஓரம் தேய்ந்து வருகிறது. விலை அற்பம், தடுப்பதோ பெரிய விபரீதம். மாற்றாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. புதியதைப் போடும்போது தேவைக்கு மேல் விரிக்காதீர்கள். காடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி வளையத்தை நடுவில் நிறுத்தினால் ஷாஃப்ட் சுலபமாக உள்ளே போகும். 'டக்' என்று அமர்ந்தபின் ஜாயிண்டின் கூட்டைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஷாஃப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள் ஜாயிண்ட் கழன்று உருளைகள் வெளியே வந்துவிடும்.

ஃபிளேஞ்ச் எனப்படும் தட்டையான விளிம்பில் ஆறு போல்ட் போட்டுப் பிடிக்கும் வகை இன்னொன்று. இவற்றின் தலையில் பெரும்பாலும் பன்னிரண்டு முனைப் பள்ளமோ ஆறு முனை நட்சத்திரப் பள்ளமோ இருக்கும். பள்ளத்துக்குள் மண்ணும் கிரீஸும் அடைத்திருப்பதால், கழற்றும் கருவியின் முனையான பிட் முழுவதும் இறங்காமல் மேலேயே வழுக்கும், தலை மழுங்கும். முதலில் குத்தூசியால் பள்ளத்தைக் குடைந்து சுத்தம் செய்து, பிட்டைச் சுத்தியலால் ஒருமுறை தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருப்புங்கள். ஓரம் கொஞ்சம் மழுங்கிய போல்ட்டையும் மாற்றிவிடுங்கள். அடுத்த முறை அதைக் கழற்றப் போகிறவர் உங்களைச் சபிக்க வேண்டாம்.

இங்கே போல்ட்டைவிடத் துளைதான் முக்கியம். ஜாயிண்டிலிருந்து கசிந்த கிரீஸ் மரைத் துளைகளில் தங்கிவிடும். அதன்மேல் போல்ட்டைப் போட்டு இறுக்கினால் சில நாளில் ஒவ்வொன்றாகத் தளரத் தொடங்கும். பிரேக் கிளீனரால் துளைகளையும் இரண்டு ஃபிளேஞ்ச் முகங்களையும் கிரீஸ் வாடையே இல்லாமல் துடைத்தெடுங்கள். இரண்டிரண்டு போல்ட்டுகளுக்குச் சேர்த்து அடியில் வரும் தகட்டை விட்டுவிடாதீர்கள். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

பூட் கிளாம்பில் யோசிக்க எதுவுமில்லை. காதுபோன்ற மடிப்பை நசுக்கி இறுக்கும் கிளாம்ப் ஒருமுறைக்கே.

பின்சக்கர இயக்கக் கார்களின் நீள ஷாஃப்ட்

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் இது. கழற்றும் முன் ஃபிளேஞ்சிலும் ஷாஃப்டிலும் பெயிண்டால் ஒரே கோடு இழுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் நடுக்கம் வரக்கூடும். ஷாஃப்டின் முனையில் மடங்கும் மூட்டான யு ஜாயிண்டின் மூடிகளைப் பிடிக்கும் பட்டைகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். யு வடிவ போல்ட் என்றால் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது. மூடி நசுங்கி ஊசி பேரிங் இறுகிவிடும்.

ரப்பர் கப்ளிங் உள்ள ஷாஃப்டில் நட்டுகள் தானே பூட்டிக்கொள்ளும் வகை, எனவே புதிது. ரப்பர் பக்கமிருக்கும் நட்டையோ போல்ட்டையோ அசையாமல் பிடித்து, ஃபிளேஞ்ச் பக்கத்தில் இருப்பதைச் சுழற்றி இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில், பினியன் என்ற சிறு பல்சக்கரத்தின் நட் மட்டும் தனி உலகம். பல வண்டிகளில் அதற்குப் பின்னால் நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது. நட்டின் இறுக்கம்தான் பினியன் பேரிங்கின் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. ஷாஃப்ட் வேலைக்கு அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

மீண்டும் போடலாம் என்று ஒதுக்கியவை

வெறும் இறுக்கத்தால் நிற்கும் போல்ட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, கிளீனரால் கழுவி, காயவிடுங்கள். பிறகு புதிய நட் ஒன்றை மரையின் கடைசி வரை விரலாலேயே ஓட்டிப் பாருங்கள். நடுவில் சிக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது.

நீண்ட போல்ட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதே வகையைச் சேர்ந்த புதிய போல்ட்டை எடுத்து, இரண்டின் மரைகளையும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தினால் நடுவில் வெளிச்சம் கசியாது. முதல் சில மரைகள் பொருந்தி, போகப்போக விலகி, கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் பழையது நீண்டுவிட்டது. தண்டு ஓரிடத்தில் இடுப்புபோல் ஒடுங்கியிருந்தாலும் அதே தீர்ப்பு. கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரியும். மேலோட்டமான துருக்கறை பரவாயில்லை. நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால் வேண்டாம். சேதமான மரையைச் சரிசெய்ய மரை வெட்டும் கருவியான டையைப் போட்டு வெட்டாதீர்கள். அது நல்ல உலோகத்தையும் சேர்த்துச் சீவிவிடும். மரையை நிமிர்த்த மட்டும் செய்யும் தனிக் கருவி இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் புதிய போல்ட்தான்.

மாற்றாக வாங்கும்போது தலையிலுள்ள எண்ணைப் பாருங்கள். 8.8 என்றால் அறுந்துபோகும் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் அளவு, அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 10.9 என்றால் 1000, 90 சதவீதம். பழையதில் 10.9 இருந்தால் புதியதிலும் 10.9. துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவது பலருக்குப் பிடித்தமான யோசனை. பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 700இல் அறும், 450இலேயே நீளத் தொடங்கும். 8.8ஐவிடவும் கீழே. வலிமை கூடுதல் நல்லதுதானே என்று 12.9க்குத் தாவுவதும் வேண்டாம். கடினமான அந்த எஃகு முன்னறிவிப்பில்லாமல் முறியக்கூடியது.

மரைப் பசை

சில போல்ட்டுகள் மரையில் நிறப்பூச்சோடு வரும். அது காய்ந்த பசை. ஒருமுறை இறுக்கும்போது உடைந்து ஒட்டிக்கொள்ளும். அந்த போல்ட்டைப் புதிதாக வாங்குவது நல்லது. கையேடு அனுமதித்தால் பழைய பூச்சை முழுவதும் அகற்றிவிட்டு, நடுத்தர வலிமையுள்ள திரவப் பசை சில சொட்டு விடலாம். காற்றில்லாமல் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில்தான் அது இறுகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. முழு வலிமை வர ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். உயர் வலிமைப் பசையைக் கழற்ற ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ரப்பர் பூட் உறைக்கும் ஆயில் சீலுக்கும் அருகில் அப்படிச் சூடு காட்ட முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். செலவாகிவிட்ட நைலான் நட்டைப் பசை போட்டு உயிர்ப்பிப்பதும் வேண்டாம்.

இறுக்கும் வரிசை

எல்லா நட்டையும் முதலில் கையால் ஓட்டிவிடுங்கள். பால் ஜாயிண்ட், டை ராடு, ஸ்ட்ரட் ஆகியவற்றை டார்க் ரெஞ்சால் முடியுங்கள். ரப்பர் புஷ் வழியே போகும் போல்ட்டுகளை மட்டும், காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருக்கும். ஆக்ஸில் நட்டை, சக்கரம் தரையைத் தொடும் முன், உதவிக்கு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க, முழு அளவுக்கு இறுக்குங்கள். கையேடு வேறு முறை சொன்னால் அதன்படி. கோண அளவு இருந்தால் நட்டில் பெயிண்ட் புள்ளி வைத்துக் கணக்கிடுங்கள். கண்மட்டத்தில் 90 பாகையைப் பலரும் தவறாகவே மதிப்பிடுகிறார்கள்.

இறுக்கி முடித்த ஒவ்வொன்றிலும், நட்டிலிருந்து பக்கத்துப் பாகம் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் மட்டத்தைப் பார்த்து, வடிந்த அளவுக்கு நிரப்புங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து கோடுகளைப் பாருங்கள். ரெஞ்சைப் போட்டு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டாம். பசை போட்ட போல்ட்டில் பிடி விட்டுப்போகும், கோண அளவில் இறுக்கிய போல்ட் தேவைக்கு மேல் நீளும். சக்கர நட்டுகளை மட்டும் ரெஞ்சால் சோதிக்கலாம். வேறு எங்காவது கோடு நகர்ந்திருந்தால் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு விட்டுவிடாதீர்கள்: கழற்றி, மரையையும் சேரும் முகங்களையும் துடைத்துப் பார்த்து, பாகம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்து, இன்னொரு புதிய நட்டைப் போடுங்கள்.